ஹார்ல்கூம் மாளிகையின் பின்பக்கம்

கனகவல்லி எதற்கும் இலகுவில் அருவருக்கிறவள். தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் பழைய சாயக் கறை தெரிந்தால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இரண்டு தரம் தும்மினால் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து போவாள். 1985இல் கொழும்பிலிருந்து லண்டனுக்கு வந்து கணவன் பரமேஸ்வரனோடு சேர்ந்த அதே கிழமை, நோர்பரியில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மேல்மாடி அறையின் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுப் படியால் இறங்கி, கீழே குடியிருந்த வீட்டுக்காரனின் கதவடியில் சாத்திவிட்டு வந்தாள்.

"உதிலை ஆரோ செத்துக் கிடந்திருக்கினம்," என்றாள் கணவனிடம். "மணத்திலை தெரியுது."

பரமேஸ்வரன் பாண் சுடுகிற பேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். சண்டை சச்சரவு என்றால் அவருக்கு ஆகாது. மனைவியின் மூக்கைப் பற்றி அவர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டார்.

இப்படிப்பட்டவள் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மேரிறோஸ்தான் கூட்டிக்கொண்டு போனவள். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, வாய்க்காரி, நோர்பரி பஸ் தரிப்பில் பழக்கமானவள். "அக்கா, மற்ற ஹோம்கள் மாதிரி இல்லை. கல்லாலை கட்டின மாளிகை. அரச குடும்பம் இருந்த மாதிரி இருக்கும். வந்து பாருங்கோ," என்றாள். துப்புரவு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு இரண்டிலும் நிலைக்காத கனகவல்லி, மாளிகை என்றால் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அது 1987, வசந்த காலம்.

லண்டன் முடிகிற தெற்கு எல்லையில், குரொய்டனுக்கும் அப்பால், பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இறங்கி ஒரு மரச்சாலையில் நடக்கவேண்டும். ஒரு காலத்தில் சுற்றிவர வயலும் காடுமாக இருந்த இடம். இப்போது வீதிக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகள், ஒரு டயர் கடை. மரங்கள் விலகியதும் ஹார்ல்கூம் மாளிகை தெரிந்தது. மூன்று கூம்பு முகடுகள். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு முன்வாசல். கல் தூண்களால் ஐந்தாகவும் ஆறாகவும் பிரித்த நீள யன்னல்கள், அவற்றில் சின்னச் சின்னக் கண்ணாடிகள். கல்லின் நிறம் சாம்பலிலும் சேராது, பச்சையிலும் சேராது. மழை விட்ட நேரம். வெயில் பட்ட பக்கம் அந்தச் சுவர் தேன் தடவியது போல் இருந்தது.

கனகவல்லி வாயைத் திறந்தபடி நின்றாள். அதை அவள் பிற்காலத்தில் மறுக்கவில்லை. "நல்ல வடிவான வீடு. அந்தக் கல்லிலை ஒரு பிழையும் இல்லை," என்றுதான் சொல்வாள்.

வாசலில் நின்று வரவேற்றவர் இல்லத்தின் மனேஜர் செல்வமணி. மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, அப்படியே நின்றுவிட்டவர். ஐம்பது வயதிருக்கும். கோட்டும் சப்பாத்தும் பளபளவென்று இருக்கும். வீட்டுக்கு உரிமையாளன் ஒரு வெள்ளைக்காரன். அவன் ஸ்பெயினில் இருந்தான், அவனை யாரும் கண்டதில்லை. அங்கே ராஜா செல்வமணிதான். தன்னை எல்லோரும் மிஸ்டர் மணி என்று கூப்பிடவேண்டும் என்பது அவருடைய ஆசை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவர் தானே கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டுவார். நோயாளிகளைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார். கல்லைப் பற்றிச் சொல்வார்.

"தொட்டுப் பாருங்கம்மா, பயப்படாம தொடுங்க," என்றார் கனகவல்லியிடம். "நானூறு வருஷம் ஆச்சு. இந்தா, இந்தக் குன்றுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி எடுத்த கல்லு. பூமிக்குள்ள இருக்கும்போது வெண்ணெய் மாதிரி, உளி வெச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். மேல வந்து காத்துப் பட்டாத்தான் இறுகும்."

முன்மண்டபத்துக்குள் போனார்கள். சுவர் முழுக்க ஓக் மரப் பலகை, மடித்த துணி போலச் செதுக்கியது. ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய, குளிர்காய்கிற கல் அடுப்பு. மேலே சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த கூரை. அதில் திராட்சைக் குலையும் மாதுளம்பழமும் கொடியும். படிக்கட்டின் ஒவ்வொரு மூலைத் தூணிலும் ஒரு மர மிருகம் குந்தியிருந்தது. தேன்மெழுகு மணம். கனகவல்லியின் மூக்குக்கு அன்று முதல் தடவையாக லண்டன் பிடித்தது.

செல்வமணி அடுப்பின் இடப்பக்கம் போய், சுவரின் ஒரு பலகையை விரலால் தட்டினார். கூர்ந்து பார்த்தால்தான் அது கதவென்று தெரியும். கைப்பிடி இல்லை. பலகையின் செதுக்கல் கதவிலும் சுவரிலும் விடாமல் ஓடியது.

"வேலைக்காரங்க கதவு," என்றார் பெருமையோடு. "பின்னால சுவரோட கனத்துக்குள்ளேயே வழி போகுது. சாப்பாடு வரும், சட்டிபானை போகும், ராத்திரி மேல இருக்கிறவங்க மூத்திரப் பானைகூட இந்த வழியாத்தான் போகும். ஆளு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு நாசூக்கா யோசிச்சிருக்கான் பாருங்க!"

கனகவல்லிக்கு முகம் சுருங்கியது. தான் கழித்ததைத் தூக்கிக்கொண்டு போகிறவளின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கல்லைக் குடைந்து வழி கட்டுகிற புத்தி எப்படிப்பட்ட புத்தி என்று நினைத்தாள். சொல்லவில்லை. முதல் நாள்.

"சரி, வாங்க. உங்க வேலை பின்பக்கம்," என்றார் செல்வமணி. அந்தக் கதவால் அல்ல, வெளியால் சுற்றி முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேரிறோஸ் மிச்சத்தைச் சொல்லித் தருவாங்க."

அந்த வாசலில் கனகவல்லிக்கு ஓங்காளம் வந்தது.

மாளிகையின் வடக்கு மூலையில், நிலத்தைவிட இரண்டு படி தாழ்வாக, வெயில் ஒருபோதும் விழாதபடி கட்டிய நீளமான அறை அது. பழைய பாற்கூடம். பாலும் வெண்ணெயும் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்று, ஆண்டு முழுக்கக் குளிரவேண்டும் என்பதற்காகவே கட்டிய இடம். சுவர் மூன்று முழம் தடிப்பு. உயரத்தில் சின்னச் சின்னத் துளை யன்னல். கற்பாளத் தரை, அதன் நடுவே கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால். அந்த அறையைத்தான் ஹார்ட்போர்ட் பலகையால் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கட்டிலும் மலங்கழிக்க ஒரு கொமோட் கதிரையும் வைத்து, வயது போனவர்களைக் கிடத்தியிருந்தார்கள். பார்க்க யாரும் வராதவர்கள், வந்தாலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், எல்லாம் அங்கே. முன்பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.

சுவருக்குத் தடித்த மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. கல் மூச்சு விட வழியில்லாமல் உள்ளே ஈரம் ஊறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளம் உடைந்த இடத்தில் கல் உப்புப் பூத்து, மாவாக உதிர்ந்து தலையணையில் கிடந்தது. ஈரச் சுவர் மணம், மூத்திர மணம், முட்டைக்கோவா அவித்த மணம், இவை மூன்றையும் மூடுவதற்கு அடித்த மலிவான ரோசாப்பூ மணம்.

"இஞ்சை ஆரும் மனிசரை வைப்பினமோ?" என்றாள் கனகவல்லி.

"மெல்லக் கதையுங்கோ அக்கா," என்றாள் மேரிறோஸ். "மூண்டு நாளிலை பழகீடும்."

பழகவில்லை. முதல் நாள் மத்தியானம் கனகவல்லி சாப்பிடாமல் இருந்தாள். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாள். உடுப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிப் பையில் கட்டினாள். ஆனால் அடுத்த நாளும் போனாள். ஏன் போனாள் என்று பரமேஸ்வரன் கேட்டபோது, "நான் போகாட்டி அந்தச் சனத்தை ஆர் கழுவுறது? அங்கை இருக்கிறவளவை துவாயாலை ஒரு இழுப்பு இழுத்துப்போட்டு விடுறாளவை," என்றாள். அவளுடைய அருவருப்பில் ஒரு விசேஷம் இருந்தது. ஊத்தையைக் கண்டால் விலகி ஓடுவதைவிட, அதை இல்லாமல் பண்ணவேண்டும் என்ற வெறிதான் அவளுக்கு முதலில் வரும். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் அந்த அறையை உரஞ்சினாள். மனிதரையும் உரஞ்சினாள். அவர்களுக்கு அவளைப் பிடித்ததென்று சொல்லமுடியாது.

மிஸிஸ் ஹாப்ளிக்கு அறவே பிடிக்கவில்லை. கடைசித் தடுப்பில் கிடந்த கிழவி. எண்பத்துமூன்று வயது, நாக்கு மட்டும் இருபது வயது. கனகவல்லி முதல் தரம் தொடப் போனபோது, "அந்தக் கறுத்தக் கையை என்மேல் வைக்காதே," என்று ஆங்கிலத்தில் கத்தினாள். கனகவல்லிக்கும் கோபம் வந்தது. "உன்னுடைய பின்பக்கத்தைவிட என் கை சுத்தம்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். கிழவி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகும் வைவாள். ஆனால் கழுவ விடுவாள்.

ஒரு நாள் கட்டிலுக்குக் கீழே தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிழவி சொன்னாள்: "அந்த மூலையை விட்டுவிட்டாய். நான் விட்டிருந்தால் கன்னத்தில் அறை விழுந்திருக்கும்."

அப்போதுதான் கனகவல்லிக்குத் தெரிந்தது. பக்கத்துக் கிராமத்துப் பெட்டையாகப் பதினாலு வயதில் இதே வீட்டில் வேலைக்கு வந்தவள் மிஸிஸ் ஹாப்ளி. இதே பாற்கூடத்தைத் துடைத்தவள். விடிய எழும்பி, சுவருக்குள் போகிற அந்த இருட்டு வழியால் மேலே இருந்தவர்களின் பானைகளைச் சுமந்தவள்.

"அப்போது இந்த அறை எவ்வளவு சுத்தம் தெரியுமா?" என்றாள் கிழவி. "பால் இருந்தது, அதனால். பாலுக்குத் தூசி ஆகாதென்று காலையும் மாலையும் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்ப்போம். சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார்கள்."

பாலுக்குச் செய்ததை மனிதருக்குச் செய்யவில்லை என்று நினைத்தபோது கனகவல்லிக்கு மறுபடி குமட்டியது. கையிலிருந்த தூரிகையை வாளிக்குள் எறிந்துவிட்டு, ஈரக் கையோடு, முன்பக்கம் செல்வமணியின் ஒபீசுக்குப் போனாள்.

"மிஸ்டர் மணி, பின் அறைச் சுவர் மாவாய்க் கொட்டுது. நேற்று ஒராளின்ரை கஞ்சிக்குள்ளை விழுந்தது. எல்லாருக்கும் நெஞ்சுச் சளி. அவையை முன்னுக்கு எடுங்கோ, இல்லாட்டிச் சுவரைத் திருத்துங்கோ."

செல்வமணி பேனாவை மூடினார். "அம்மா, இது பதிவு பண்ணின புராதனக் கட்டடம். ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட அனுமதி வாங்கணும். நான் நெனச்சபடி கை வைக்க முடியாது."

"அந்த ஹார்ட்போர்ட் அடிச்ச ஆணிக்கு ஆர் அனுமதி தந்தது?"

அவர் முகம் கறுத்தது. "உங்களுக்கு வேலை வேணுமா வேணாமா?"

ஆனாலும் அடுத்த மாதம் ஒருவனைக் கூட்டிவந்தார். அவன் வெளிப்பக்கம் சுவருக்கு மேலால் சீமெந்தை வழித்துப் பூசிவிட்டுப் போனான். மெத்தென்ற அந்தக் கல்லுக்குச் சீமெந்து ஆகாது. உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அறைப் பக்கம் திரும்பியது. குளிர் காலம் வந்தபோது சுவரில் தண்ணீர் கோடு கோடாக ஓடியது. கட்டில்களின் தலைமாட்டில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. அந்தக் குளிரோடு பின்பக்கத்தில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். வயசு என்றார் டொக்டர். அவர்கள் கிடந்த மெத்தைகளைத் திருப்பிப் போட்டுப் புதிய ஆட்களைக் கிடத்தினார்கள். கனகவல்லி அந்த மெத்தைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தவள். அதைப் பற்றி, ஒரே ஒரு தரம் தவிர, அவள் எவரிடமும் விபரமாகச் சொன்னதில்லை. கேட்டால், "வேண்டாம், சாப்பிடேலாமல் போயிடும்," என்பாள்.

பரமேஸ்வரன் வேலையை விடச் சொன்னார். அவள் விடவில்லை. இரண்டு வருடம் இப்படியே போனது.

1989, இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை. அன்று மாளிகையின் திறந்த நாள். அந்தப் பகுதியின் சரித்திரச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். அங்கே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் அழைப்பு. முன்மண்டபத்தில் தேத்தண்ணியும் கேக்கும். செல்வமணி புதுக் கழுத்துப் பட்டியோடு நின்று கல்லின் வரலாறு சொல்வார். பார்க்க ஆள் வருகிற கிழவர்களுக்கு மட்டும் காலையிலேயே தலை சீவி, சுத்தமான சட்டை போட்டு, நேரம் வந்ததும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மேல்மாடியில் பூந்தோட்டம் பார்த்த அறை ஒன்றைத்தான் எல்லோருக்கும் காட்டி வைத்திருந்தார்கள்.

மூன்று நாளாக விடாத மழை. அந்த வீட்டின் கூரையில் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையில் மழைத்தண்ணீர் ஓட ஈயத் தகட்டால் செய்த பெரிய பீலிகள் இருந்தன. அவற்றில் இலையும் செத்த புறாவும் அடைத்து, தண்ணீர் வழிந்து, முற்றம் குளமாகிவிட்டது. புதிதாக வைத்த கக்கூஸ்களின் குழாய்களை எல்லாம் எவனோ ஒருத்தன் பழைய கல் வாய்க்காலிலேயே கொண்டுபோய்ப் பொருத்தியிருந்தான். மத்தியானம் தாண்டி, பாற்கூடத்துத் தரையில் இருந்த வாய்க்கால் பின்னோக்கி வரத் தொடங்கியது.

முதலில் நுரை வந்தது. பிறகு மாளிகை முழுவதும் கழித்தது வந்தது.

மேரிறோஸ் கட்டிலில் ஏறி நின்றுகொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். கனகவல்லி ஒரு மூலையில் போய்ச் சத்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முற்றத்துக் கதவைப் பார்த்தாள். வெளியே தண்ணீர் படிக்கு மேலால் நின்றது. திறந்தால் அதுவும் உள்ளே வரும். மேலே போகிற வேலைக்காரர் படி ஒராள் ஒடுங்கிப் போகிற சுருள் படி. மிச்சம் இருந்தது பாற்கூடத்திலிருந்து சுவருக்குள்ளால் மண்டபத்துக்குப் போகிற வழி ஒன்றுதான். அவள் அதற்குள் ஓடி, மண்டபக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளி, ஒரு விரற்கடை திறந்து, கல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற செல்வமணியைக் கையால் கூப்பிட்டாள். அவர் சிரித்த முகத்தோடு பின்வாங்கிப் பின்வாங்கி வந்து, வழிக்குள் நுழைந்து, கதவைச் சாத்தினார். அந்த மணத்தில் சிரிப்பு இல்லாமல் போனது.

"என்னம்மா இது?"

"பீத்தண்ணி. முழங்காலுக்கு வரப்போகுது. அவையளை முன்னுக்குக் கொண்டு வாறன், ஆக்களை விலகச் சொல்லுங்கோ."

"ஐயையோ, இப்பவா? வேணாம்மா. தயவு பண்ணுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல சங்கத்து ஆளுங்க கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் கட்டில் மேல ஏத்தி உக்கார வைங்க. ஒரு போர்வையைப் போத்துங்க." அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. இந்த வீட்டோட பேரு என்ன ஆகும்?"

கனகவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அன்றுவரைக்கும் அவளுக்கு அந்த அறைதான் அருவருப்பு. இப்போது அந்தப் பளபளத்த சப்பாத்தும், மூக்கைப் பொத்திய மோதிரம் போட்ட விரல்களும், அவர் பூசியிருந்த வாசனைத் தைலமும் அதைவிட மோசமாக இருந்தன.

"நீர் ஒரு மனிசனே?" என்றாள். 'நீங்கள்' என்பதை விட்டு, மரியாதை குறைத்து அவரை அவள் 'நீர்' என்று சொன்னது அதுதான் முதல் தரம். "தள்ளும்."

அவள் திரும்பிப் போய் முதல் சக்கரக் கதிரையைப் பிடித்தாள். அதில் மிஸிஸ் ஹாப்ளி. இரவுச் சட்டை தொடைவரை நனைந்திருந்தது. கால்களில் ஒட்டியிருந்ததைத் துடைக்க நேரமில்லை. வழி ஒடுக்கம், கதிரையின் இரண்டு பக்கமும் கல்லில் உரஞ்சியது. தள்ளிக்கொண்டு வந்து, கதவைக் காலால் உதைத்துத் திறந்து, மண்டபத்து நடுவில், திராட்சைக் குலைக்கும் மாதுளம்பழத்துக்கும் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள்.

கோப்பைச் சத்தங்கள் நின்றன.

மிஸிஸ் ஹாப்ளி சுற்றிவரப் பார்த்தாள். அந்தக் கதவால் அவள் வந்து அறுபது வருடத்துக்கு மேல் இருக்கும். அந்த நாட்களில் மண்டபத்தில் ஆட்கள் இருந்தால் அவள் அதைத் திறக்கவே கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவான குரலில் கேட்டாள்: "பானை கொண்டு வந்திருக்கிறேன், மேடம். எங்கே வைக்கட்டும்?"

கனகவல்லி திரும்பி ஓடினாள். அவளும் மேரிறோசும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரையும் கொண்டுவந்தார்கள். நடக்கக்கூடியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மெழுகு பூசிய பலகைத் தரையில் சக்கரத் தடமும் கால் தடமும் மண்ணிறமாக நீண்டன.

பார்த்து நின்றவர்களின் முகங்களைக் கனகவல்லி கடைசிவரைக்கும் மறக்கவில்லை. அருவருப்பு எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த முகங்களில் அது இருந்தது. ஆனால் செல்வமணியைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கதிரையில் நடுங்கிக்கொண்டிருந்த கிழவர்களைப் பார்த்துத்தான் சுளித்தார்கள். முத்துமாலை போட்ட ஒருத்தி கைலேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு, கேக் தட்டைத் தூக்கி அப்பால் வைத்தாள். இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் மேலங்கியை எடுத்தார்கள். சங்கத்துக்காரர் ஒருவர், தலை நரைத்த மனுசன், இவர்களைத் தாண்டிப் போய், திறந்து கிடந்த கதவின் முன்னால் குனிந்து, கீலைத் தடவிப் பார்த்துவிட்டுச் செல்வமணியைக் கேட்டார்: "இது அந்தக் காலத்துக் கீல்தானா? மாற்றவில்லையே?"

செல்வமணி பதில் சொல்ல வாயெடுத்தார். சொல்லத்தான் போனார். அதற்குள் ஒரு பெண் அலறினாள்.

மிஸிஸ் லேங்ஃபர்ட் என்று பெயர். அவளுடைய தகப்பன் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அன்று அவரை முன்னுக்குக் கொண்டுபோக இன்னும் நேரமிருந்தது. மேல்மாடியில் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று அவள் நினைத்திருந்த மனுசன், தலை மட்டும் அழகாகச் சீவியிருக்க, இடுப்புக்குக் கீழே தோய்ந்துபோய், சுவருக்குள்ளிருந்து வெளியே வந்தார். "எங்கே வைத்திருந்தீர்கள் இவரை?" என்று கேட்டாள். கனகவல்லி அவளுடைய கையைப் பிடித்தாள். "வா, காட்டுகிறேன்," என்றாள். வழிக்குள் கூட்டிக்கொண்டு போய், பாற்கூடத்து வாசலில் நிறுத்தி, விளக்கைப் போட்டாள்.

மிஸிஸ் லேங்ஃபர்ட் திரும்பி வந்து, அந்தக் கல் அடுப்புக்குள் குனிந்து சத்தி எடுத்தாள்.

மறுநாளே கவுன்சில் ஆட்கள் வந்தார்கள். மிஸிஸ் லேங்ஃபர்ட் விடவில்லை. பத்திரிகைக்காரனையும் கூட்டி வந்தாள். பத்திரிகையில் மாளிகையின் முன்பக்கத்துப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கிறிஸ்மஸ் வருமுன் இல்லத்தைப் பூட்டினார்கள். செல்வமணிக்கு என்ன நடந்ததென்று சரியாகத் தெரியாது. வேறொரு ஊரில் வேறொரு இல்லம் நடத்துகிறார் என்று மேரிறோஸ் கேள்விப்பட்டாள். கனகவல்லி அதைக் கேட்டுத் துப்பினாள்.

நல்லது நடந்தது என்று நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. பின்பக்கத்து ஆட்களை ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்பினார்கள். மிஸிஸ் ஹாப்ளி போன இடம் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில். புதிதாகக் கட்டிய செங்கல் கட்டடம், சுவர் காய்ந்திருந்தது, யன்னலால் வெயில் வந்தது. கனகவல்லி தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கிழவி அவளை யாரென்று அடையாளம் காணவில்லை. "கறுத்தக் கை" என்றுகூடச் சொல்லவில்லை. தை மாதம் செத்துப்போனாள். மேரிறோஸ் வேலை போன கோபத்தில் ஒரு வருடம் கதைக்கவில்லை. "ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்தால் எங்கடை வேலையெண்டாலும் இருந்திருக்கும்," என்பது அவளுடைய வாதம். கனகவல்லி பிறகு பள்ளிக்கூடக் குசினி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் கழுவிய பாத்திரங்களில் முகம் பார்க்கலாம்.

கதை இத்தோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

1996இல் பரமேஸ்வரனின் தங்கை சந்திரவதனாவின் மகளுக்குக் கலியாணம். சந்திரவதனாவின் கணவன் யோகராஜா வெம்பிளியில் இரண்டு கடை வைத்திருந்தவர். தாலிகட்டு கோயிலில், மத்தியானச் சாப்பாடு 'கிராமத்துப் பக்கம் ஒரு மாளிகை'யில் என்றார்கள். காரில் போகும்போது, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தைக் கண்டதும் கனகவல்லி நிமிர்ந்து இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, திருப்புங்கோ," என்றாள்.

"என்னப்பா கதை இது? என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையின்ரை கலியாணம்," என்றார் பரமேஸ்வரன். அவர் அந்த வீட்டை அதுவரை கண்டதில்லை.

ஹார்ல்கூம் இப்போது ஹோட்டல். யாரோ நல்ல வேலைக்காரரைக் கொண்டுவந்து செய்திருந்தார்கள். சீமெந்தை எல்லாம் கொத்தி எடுத்து, கெட்ட கல்லை மாற்றி, சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பூசியிருந்தார்கள். கல் மறுபடி மூச்சுவிட்டது. பட்டுச் சேலைகளும் பூமாலைகளும் முன்வாசலில் நிறைந்து நின்றன. யோகராஜா எல்லோருக்கும் யன்னலைக் காட்டி, "நானூறு வருசத்துக் கல்லு," என்று செல்வமணி போலவே சொல்லிக்கொண்டு நின்றார்.

கனகவல்லி ஒரு கதிரையின் நுனியில் இருந்தாள். தட்டில் சோறு ஆறியது. அப்போது சந்திரவதனா வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கோ மச்சாள், கலியாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிட்ட அறையைக் காட்டுறன். அப்பிடி ஒரு வடிவு!"

பாற்கூடம். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர். தரைக்குக் கீழால் சூடு. பெரிய கட்டில், அதில் ரோசாப்பூ இதழ்கள். தரையில் இருந்த வாய்க்காலைக் கண்ணாடியால் மூடி உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள், அழகுக்கு. மேசையில் ஒரு மெழுகுதிரி வாசனை விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மச்சாள் முகம் ஒரு மாதிரி இருக்கு? பிடிக்கேல்லையோ?"

"வேண்டாம், கேளாதேங்கோ."

"சொல்லுங்கோவன்!"

கனகவல்லி சொன்னாள். கூட்டிக் குறைக்காமல், எந்த மூலையில் யார் கிடந்தார்கள், அந்தக் கண்ணாடிக்குக் கீழே இருந்து என்ன வந்தது, மெத்தையின் அடிப்பக்கம் எப்படி இருந்தது என்று எல்லாம் சொன்னாள். அந்த மெத்தையைப் பற்றி அவள் வாய் திறந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். சந்திரவதனா இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

"நல்ல நாளிலை இப்பிடியே கதைக்கிறது? என்ரை பிள்ளை இரவைக்கு இஞ்சை தானே தங்கப்போகுது! உங்களுக்கு எங்களிலை எரிச்சல்." அவள் அழுதுகொண்டு வெளியே போனாள். ஐந்து நிமிடத்தில் மண்டபம் முழுக்கச் செய்தி பரவியது, வேறு விதமாக. கனகவல்லி கலியாணப் பொம்பிளையின் கட்டிலைப் பார்த்துக் காறித் துப்பினாளாம்.

அவர்கள் அரைவாசியிலேயே புறப்பட்டார்கள். யோகராஜா கார் வரைக்கும் வரவில்லை. சந்திரவதனா வீட்டோடு பேச்சுவார்த்தை சீராக மூன்று வருடம் எடுத்தது. பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் மறுபடி கூப்பிட்டார்கள்.

கார் மரச்சாலையைத் தாண்டியது. மழை தூறியது. குரொய்டன் வெளிச்சம் தெரியத் தொடங்கியதும் பரமேஸ்வரன் மெல்லக் கேட்டார்: "நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம்தானே?"

"கேட்டவ. சொன்னன்."

"உண்மையிலேயே அந்த அறைதானோ?"

"ஓம்."

அவர் காரை ஒரு சிப்ஸ் கடை வாசலில் நிற்பாட்டி, இறங்கி, நனைந்துகொண்டு போய், வினாகிரி மணக்கிற இரண்டு பொட்டலத்தோடு வந்தார். கடைக்காரனின் நகத்தில் ஊத்தை இருந்ததா, எண்ணெய் பழசா என்று கனகவல்லி கேட்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். பட்டுச் சேலையில் எண்ணெய் படாமல் ஒரு துவாயை மடியில் விரித்துக்கொண்டு, தன்னுடையதை முடித்தாள். பிறகு கணவனுடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள்.